நோம்பிக்கு நாலு பிளெக்ஸ்

முதல் நாள், வெள்ளி: சிங்காநல்லூர் – கிணத்துக்கடவு

கிளம்புகிற நேரம் பார்த்து ஒரு அம்மா மாடிப்படி ஏறி வந்தார். "பாஸ்போர்ட் சைஸ் எட்டுக் காப்பி எவ்வளவுங் கண்ணு?"

ஏழு வருஷமாக வாரத்துக்கு ஒருத்தராவது இப்படி வருகிறார்கள். போர்டில் 'ஸ்டூடியோ' என்று எழுதியது என் தப்பு. "இங்க போட்டோ எடுக்கறதில்லீங்மா. நோம்பி, கச்சேரி, கும்மி, கூத்துக்கெல்லாம் போஸ்டர் போட்டு, சவுண்டு ரெக்கார்டு பண்ணி, வீடியோ பண்ணித் தர்றோம்" என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப போட்டோ எடுக்க மாட்டீங்களா?" என்றார். ஓய்வூதிய பாரத்துக்கு வேண்டுமாம். வெள்ளைச் சுவர் இருக்கிறது, கேமரா இருக்கிறது. எடுத்துக் கொடுத்துவிட்டே கிளம்பினோம்.

இந்தப் பேட்டைப் பெரியவர்களுக்கு ஸ்டூடியோ என்றால் ஒன்றுதான்: 1930களில் தொடங்கிய சென்ட்ரல் ஸ்டூடியோ. அங்கே எடுத்து 1948இல் வெளியான 'அபிமன்யு'வுக்கு வசனம் எழுதிய இளைஞர் மு. கருணாநிதி. படம் வந்தபோது டைட்டிலில் அவர் பேர் இல்லை. வேலை செய்தவன் பேர் விடுபட்டுப் போவது எங்கள் பேட்டையின் பழைய பழக்கம் என்று அடிக்கடி சொல்லிச் சிரிப்போம். இந்த ஆறு நாள் பயணமும் அந்தச் சிரிப்பிலிருந்துதான் தொடங்கியது.

காங்கேயம் பக்கம் ஒரு ஊர். பங்குனியில் மாரியம்மன் நோம்பி, அதாவது கோயில் திருவிழா. புதன்கிழமை மாவிளக்கு, அன்று ராத்திரி கலை நிகழ்ச்சி. வள்ளி கும்மி, பெருஞ்சலங்கை ஆட்டம், உடுக்கைப் பாட்டு, ஜமாப் மேளம் என நாலு ஐட்டம். மேடை ஒலியும் வீடியோவும் எங்கள் பொறுப்பு. கமிட்டி ஏற்கெனவே நோட்டீஸ் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தது. எண்ணிப் பார்த்தேன், நூற்று நாற்பத்தாறு பேர். பந்தல் உபயம், பூ உபயம், சீரியல் செட் உபயம், நீர்மோர் உபயம். அடியில் ஒரே வரி: 'இரவு 9 மணிக்கு வள்ளி கும்மி மற்றும் கிராமியக் கலை நிகழ்ச்சிகள் நடைபெறும்.' யாரால் நடைபெறும் என்று நோட்டீஸுக்குத் தெரியாது.

ஆடுகிறவர்கள், பாடுகிறவர்கள் பேர் போட்டு மேடை ஓரத்தில் நாலு பிளெக்ஸ் வைக்கலாம் என்றேன். கமிட்டித் தலைவர் தலையைச் சொறிந்தார். "பேர் போடறதுலதானுங்க ஊருக்குள்ள வம்பே வருது. நீங்க எச்சா வேற போடோணுமாக்கு?" எங்கள் செலவு என்றதும், "அப்பன்னா போட்டுக்குங்க" என்று முடித்துவிட்டார்.

ஆகவே இந்த வேன் பயணம். பின்சீட்டைக் கழற்றிய பழைய ஆம்னி, சவுண்டுக்கு ஒரு தம்பி, கேமராவுக்கு ஒரு அம்மிணி, நான். குழுக்களை அவரவர் ஊரிலேயே பார்த்து, படம் எடுத்து, பேர் வாங்கி, கேட்டுப் பதிந்து வரவேண்டும்.

பொழுதோட கிணத்துக்கடவைத் தாண்டி கும்மி பழகுகிற களத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மில்லில் ஷிப்ட் முடித்து வந்தவர்கள், டீச்சர் ஒருத்தர், தேங்காய்க் களத்தில் வேலை பார்க்கிறவர்கள், அரைக்கால் டவுசரில் நாலு பையன்கள். விழா அன்றைக்குத்தான் ஒரே நிறச் சேலை. பழக்கத்தில் சுடிதாரும், நைட்டி மேல் போட்ட துண்டும்தான். வாத்தியாருக்கு அறுபதைத் தாண்டிய வயசு. வள்ளி கும்மி ஆசான் தேக்கம்பட்டி பத்ரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, அதிலிருந்து பழக வருகிறவர்களிடம் 'எதுக்கு இதெல்லாம்' என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை என்றார். எண்பத்தேழு வயசு வரைக்கும் காத்திருந்து வந்த பட்டம் அது.

தம்பி மைக் கம்பத்தை வாத்தியார் வாய்ப்பக்கம் நட்டான். அவர் தள்ளிவிட்டார்.

"என்ற குரல எடுத்து என்ன பண்றீங்க தம்பி? கைய எடுங்க. கால எடுங்க."

நட்டநடுவே, இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்தோம். உள் வட்டம் ஒன்று, வெளி வட்டம் ஒன்று, அறுபத்து நாலு பேர். முதல் கைத்தட்டிலேயே லெவல் மீட்டர் சிவப்புக்குப் போய் ஒட்டிக்கொண்டது. கெயினை இறக்கி, இறக்கி, இனி இறக்க இடமில்லை என்கிற அளவுக்கு வந்த பிறகுதான் சத்தம் பிரிந்து கேட்டது. வெளியே நின்று கேட்டால் ஒரே தட்டு. நடுவே கேட்டால் அது ஒரு தட்டு இல்லை. வறுத்த கடலையை முறத்தில் கொட்டுகிற மாதிரி ஒரு சரிவு, கூடவே செருப்பில்லாத கால் மண்ணைத் தேய்க்கிற சத்தம். வாத்தியாரிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சுற்றுக் கேட்டார். "அக்கட்டால மூணாவது ஆளு பிந்துது" என்றார். திரும்பிப் பார்த்தால், அந்த இடத்தில் டீச்சர்.

அறுபத்து நாலு பேரும் வரிசையாக வந்து நோட்டில் பேர் எழுதினார்கள். ராத்திரி அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய். வாத்தியார் வீட்டு ஆசாரத்திலேயே பாய் விரித்துப் படுத்தோம்.

இரண்டாம் நாள், சனி: உடுமலை – தாராபுரம்

உடுமலையில் நாராயணகவி மணிமண்டபம். 1899இல் பூளவாடியில் பிறந்தவர், 1981 வரை இருந்தவர். பாட்டெழுதிய ஊர் சென்னை, பேருக்கு முன்னால் நின்ற ஊர் உடுமலை. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் அப்படித்தான். கே என்றால் கொடுமுடி, பி என்றால் அம்மா பாலாம்பாள். 1908இல் பிறந்த ஒரு பொண்ணு அப்பன் இனிஷியலுக்குப் பதில் ஊரையும் ஆத்தாளையும் முன்னால் வைத்துக்கொண்டு மேடை ஏறியிருக்கிறார். வேனில் இதைச் சொன்னதும் அம்மிணி தன் இன்ஸ்டா பேரை மாற்றப் போவதாகச் சொன்னாள். பூளவாடி வரும்வரை அவளுடைய அம்மா பேரை வைத்து விதவிதமாக எழுதிப் பார்த்தோம்.

இந்தப் பக்கம் ரோட்டின் இருபுறமும் காற்றாலைக் காத்தாடிகள். ஆனி, ஆடியில் வந்திருந்தால் மைக்குக்குச் சட்டை போட்டாலும் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து விடாது. பங்குனியில் அவையும் சும்மா நிற்கின்றன. வெயில் மட்டும்தான்.

பெருஞ்சலங்கைக் குழு தாராபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால். தலைவருக்கு ஆட்டு யாவாரம். நாங்கள் போனபோது கட்டுத்தரையில் ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். பாதியில் விட்டால் மறுக்கா முதலிலிருந்து எண்ணவேண்டும் என்பதால் காத்திருந்தோம். அப்புறம் பரண் மேலிருந்து ஒரு சாக்குப்பையை இறக்கினார். இறங்குகிற சத்தத்திலேயே உள்ளே இருப்பது தெரிந்தது.

ஒரு காலுக்கானதை இரண்டு கையால் தூக்கிப் பார்த்தேன். சார்ஜர், ஹார்டு டிஸ்க் எல்லாம் சேர்த்த என் லேப்டாப் பையைவிடக் கனம். ஒவ்வொரு சலங்கையும் நெல்லிக்காயை விடப் பெரிசு, தோல் வாரில் நெருக்கி நெருக்கிக் கோத்தது. அதை அப்படியே கட்டினால் கணுக்கால் பிய்ந்துபோகும். முதலில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, அதன்மேல் வாரை இறுக்குகிறார்கள். கட்டி முடித்ததும் நடக்கச் சொன்னார் ஒருத்தர். நான் நடந்தேன், அதாவது காலை இழுத்தேன். பத்தொன்பது வயசுப் பையன் அதே சலங்கையோடு முழங்கால் உயரம் குதித்து, இறங்குகிறபோது சத்தமே வராமல் நின்றான். குதிப்பதைவிட அந்த நிற்பதுதான் கஷ்டமாம். மேளம் நிற்கிற இடத்தில் சலங்கையும் நின்றாகணும். ஒரே ஒரு சலங்கை மணி பாக்கிக்கு ஆடினாலும் ஊர் சிரிக்கும்.

பேர் கேட்டேன்.

"பேரு கெடக்குதுங்க. போன் நம்பர் பெருசாப் போடுங்க. பேரப் பாத்துப்போட்டு எவன் கூப்புடறான்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? நான் கொள்கை பேச வந்திருக்கிறேன், அவர் பிழைப்பைப் பேசுகிறார். பன்னிரண்டு ஆள், வண்டி வாடகை, ராத்திரிச் சோறு எல்லாம் சேர்த்து ஒரு நோம்பிக்குப் பதினெட்டாயிரம் வாங்குகிறார்களாம். பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு நிற்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டேன். அவர் நம்பரைச் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன். ஆடுகள் கத்திக்கொண்டே இருந்தன.

மூன்றாம் நாள், ஞாயிறு: காங்கேயம் பக்கம்

கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் கொறங்காடுகள், உள்ளே கொழுக்கட்டைப் புல் காய்ந்து கிடக்கிறது, அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம். காளை ஒன்று வேலிக்கு மேலே தலையை நீட்டி எங்கள் வேனை மதிப்புப் போட்டது. வாங்கமாட்டான் என்று முடிவு செய்திருக்கும்.

உடுக்கைப் பாட்டுக்காரர் வீட்டுத் திண்ணையில் அரைநாள் உட்கார்ந்தோம். அண்ணன்மார் கதை முழுசாகப் பாட எத்தனை ராத்திரி என்று கேட்டால், "ஊர்ல எத்தன ராத்திரி சோறு போடறாங்களோ, அத்தன ராத்திரி" என்கிறார். புதன்கிழமைக்கு எங்கள் கமிட்டி கொடுத்திருப்பது நாற்பத்தைந்து நிமிஷம். குன்னுடையா கவுண்டரும் தாமரையும் பிறந்து, கல்யாணமாகி, பிள்ளையில்லாமல் தவித்து, பொன்னரும் சங்கரும் பிறந்து வளர்வதற்குள் நேரம் போய்விடும். நேராக அவர்கள் விழுகிற படுகளத்துக்குப் போய்விடலாமா என்று தம்பி கேட்டான். அவர் அவனைப் பார்த்த பார்வையில் தம்பி தண்ணீர் குடிக்க எழுந்து போனான்.

உடுக்கையை இவ்வளவு கிட்டத்தில் நான் கேட்டதில்லை. இடது கை நடுவிலுள்ள கயிற்றை நெரிக்கிறது, வலது கை விரல் தோலைத் தொடுகிறது. நெரிக்க நெரிக்கச் சத்தம் மேலே ஏறுகிறது. விட்டால் ஒரு கேள்வி கேட்ட மாதிரி கீழே வந்து நிற்கிறது. தங்காள் அருக்காணி அழுகிற இடத்தில் அவர் வாய் ஒன்றுமே பாடவில்லை. கயிறு மட்டும் நெரிந்து நெரிந்து விடுகிறது. பின்பாட்டுக்காரர் அந்த இடைவெளியில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பதிவில் அந்த மூச்சும் இருக்கிறது. அதை வெட்டக் கூடாது என்று தம்பியிடம் அங்கேயே சொல்லிவிட்டேன்.

1965இல் பிரெண்டா பெக் என்ற கனடா மானுடவியலாளர் இதே வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கி இந்தக் கதையை டேப்பில் பதிந்தார். அதைச் சொன்னதும் பெரியவர் தலையாட்டினார். "எங்கப்பாரு சொல்லுவாரு. வெள்ளக்காரம்மா ஒருத்தி பாய்ல உக்காந்து உடிய உடியக் கேட்டான்னு." அன்றைய டேப்பு ரெக்கார்டரைத் தூக்க ஒரு ஆள் வேண்டும். இன்றைக்கு எங்களுடையது சட்டைப்பையில் போகிறது. கேட்பதற்குத்தான் அத்தனை ராத்திரி யாரிடமும் இல்லை, எங்களிடமும்தான்.

பேர்? "பாட்டுக்காரர்னு போடுங்க, போதும்." அம்மிணி விடவில்லை. அவளுக்குப் பிடிவாதம் அதிகம், அதனால்தான் கேமராவுக்கு அவள். கடைசியில் அவர் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு: பின்பாட்டுக்காரர் பேர்தான் முதலில் வரவேண்டும். "அவன் இல்லீன்னா எனக்கு மூச்சு வாங்க எடமில்லீங்." பின்பாட்டுக்காரர் வெட்கப்பட்டு, "அட நீ சும்மா இரு மாமா" என்றார். முப்பது வருஷ ஜோடி.

நாலாம் நாள், திங்கள்: அறச்சலூர்

இன்றைக்கு வேலை எதுவும் இல்லை. ஈரோடு போகிற வழியில் அறச்சலூர் இருக்கிறது. அங்கே நாகமலையில் ஒரு பாறைக் குகை. நான் கல்லூரியில் படித்தபோதிலிருந்து பார்க்க நினைத்த இடம், பக்கத்திலேயே இருப்பதால் பார்க்காமலே இருந்த இடம்.

புலவர் செ. இராசு வெளிக்கொண்டுவந்த கல்வெட்டு. தமிழ் எழுத்தின் பழைய வடிவம், ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் வயசு. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் உரிய சொற்கட்டைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வரிக்கு ஐந்து, மொத்தம் ஐந்து வரி:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

இடமிருந்து வலம் படியுங்கள். பிறகு வலமிருந்து இடம். பிறகு மேலிருந்து கீழ். பிறகு கீழிருந்து மேல். எப்படிப் படித்தாலும் அதேதான் வருகிறது. நான் தினமும் கட்டம் போட்டு அதற்குள் எழுத்தை அடைத்துப் பிழைக்கிறவள். இருபத்தைந்து எழுத்தை இப்படி நாலு பக்கமும் பொருந்த அடுக்க எத்தனை தடவை மண்ணில் எழுதி அழித்திருப்பான் என்று எனக்குத் தெரியும். பாறையில் அன்டூ கிடையாது.

தம்பி பாறைக்குக் கீழே உட்கார்ந்து தொடையில் தட்டிச் சொல்லிப் பார்த்தான். தாவும் தையும் நீளம், த மட்டும் குட்டை, அது நாலு மூலையில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சின்னதாகத் தடுக்கி, மறுபடி தொடங்குகிறது. "அக்கா, கும்மி வாத்தியாரு திரும்புற எடத்துல கைய வெட்டுவாரில்ல, அதே மாதிரி இருக்குது" என்றான். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவன் காதை நான் நம்புகிறேன், வரலாறாக அதை எழுதமாட்டேன்.

என்னை உட்கார வைத்தது அந்தக் கட்டம் அல்ல, பக்கத்தில் இருக்கிற வரி. 'எழுத்தும் புணருத்தான் மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன்.' எழுத்துகளைச் சேர்த்தமைத்தவன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் காசின் தரம் பார்க்கிறவன், மணிய் வண்ணக்கன் என்றால் மணியின் தரம் பார்க்கிறவன். நொய்யல் கரையில் கல்மணி அறுத்துப் பட்டை தீட்டிய கொடுமணல் இங்கிருந்து தூரமில்லை. பகலெல்லாம் கல்லைக் கண்ணருகே வைத்துக் கோளாறு தேடியவனுக்கு, எழுத்தில் கோளாறில்லாத ஒரு கட்டம் போட ஆசை வந்திருக்கிறது. போட்டான். போட்டவன் பேரையும் கூடவே வெட்டிவிட்டான்.

உபயம் யார் என்று அதில் இல்லை. நான் பாறையடியில் உட்கார்ந்தபடியே கமிட்டித் தலைவருக்குப் படம் அனுப்பினேன், 'பாருங்க, அப்பவே பேர் போட்டிருக்காங்க' என்று. ஒரு கும்பிடு எமோஜி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு செய்தி: 'நல்லதுங்க. எல்ஈடி ஸ்கிரீன் எத்தன மணிக்கு வரும்?'

ஐந்தாம் நாள், செவ்வாய்: ஈரோடு

ஜவுளிச் சந்தை நாள். மூட்டை ஏற்றிய ஆட்டோக்களுக்கு நடுவே வேனை நகர்த்தவே முக்கால் மணி நேரம்.

காலையில் பெரிய மாரியம்மன் கோயிலில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினோம். மூன்று கவையாகப் பிரிந்த மரத்தைக் கோயில் முன்னால் நட்டு, அம்மனின் வீட்டுக்காரராக வைத்துத் தினமும் விடிகாலையில் ஊரே குடம் குடமாக ஊற்றுகிறது. நோம்பி முடிந்ததும் பிடுங்கி ஊர்வலமாகக் கொண்டுபோய்க் காவிரியில் விட்டுவிடுவார்கள். ஒரு வருஷத்தில் பதினைந்து நாள் மட்டும் குடித்தனம். அம்மிணி அதைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னாள், அதை இங்கே எழுதினால் வம்பு.

பிரஸ்ஸில் வேறு வம்பு. நான் அனுப்பிய யூனிகோடு எழுத்தை அங்குள்ள பழைய சாப்ட்வேர் தின்றுவிட்டது. 'கொங்கு' என்று அடித்தால் கொம்பு தனியே, க தனியே, கால் தனியே, கல்யாணத்தில் சண்டை போட்ட ஒறம்பரை மாதிரி விலகி விலகி நிற்கிறது. அறுபத்து நாலு பேரில் 'கோ'வும் 'பொ'வும் எத்தனை இருந்தன என்று இப்போது எனக்கு மனப்பாடம். கடைசியில் அந்த ஆபரேட்டர் தம்பி தன் பழைய பான்ட்டிலேயே எல்லாவற்றையும் திருப்பி அடித்தான். விரல் போன வேகம் கும்மிக்காரர்களுக்குச் சளைத்ததல்ல. நான் பக்கத்தில் நின்று வாசித்தேன். எட்டடிக்கு நாலடி, நாலு பிளெக்ஸ். பேர்களை மூன்று முறை ஒத்துப் பார்த்தேன். நம்பர்களைப் பார்த்தேனா என்று இப்போது கேட்காதீர்கள்.

ஆறாம் நாள், புதன்: நோம்பி

மதியமே போய்ப் பிளெக்ஸ்களைக் கட்டினோம். ஊருக்குள் நுழைகிறபோதே ஜமாப் பையன்கள் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மேளத்தை நெஞ்செலும்பால்தான் கேட்கவேண்டும். அவர்கள் பிளெக்ஸில் பேரோடு படமும் வேண்டும் என்றும், அதுவும் கூலிங் கிளாஸ் போட்ட படம் என்றும் ஏற்கெனவே சொல்லி வாங்கியிருந்தார்கள். அவர்களுக்கு என் கொள்கையெல்லாம் தேவைப்படவில்லை.

மைக்செட்டுக்காரரோடு ஒரு சின்ன மல்லுக்கட்டு. ஜெனரேட்டரை மேடைக்குப் பின்னாலேயே வைத்திருந்தார். உடுக்கை மைக்கில் 'ம்ம்ம்' என்று ஐம்பது ஹெர்ட்ஸ் இரைச்சல். கேபிள் நீளம் போதாது என்றார். எங்கள் கேபிளைக் கொடுத்து, நாலு பேர் சேர்ந்து ஜெனரேட்டரை வேப்பமரம் வரைக்கும் தள்ளினோம். "இத்தன வருசமா அதுபாட்டுக்கு ஓடுச்சு, ஆரும் ஒன்னுஞ்சொல்லல" என்று முணுமுணுத்துக்கொண்டே தள்ளினார். ராத்திரி உடுக்கை தனியாக ஒலித்தபோது, திரும்பி என்னைப் பார்த்து ஒருக்கா தலையாட்டினார். எனக்கு அதுவே பெரிய விருது.

ஒன்பது மணிக் கும்மி பத்தேகாலுக்குத் தொடங்கியது. அதற்கு முன்னால் கும்மிப் பெண்கள் பச்சைச் சேலையோடு பிளெக்ஸ் முன்னால் கூடிவிட்டார்கள், ஆளாளுக்குத் தன் பேரைத் தேடிக்கொண்டு. தேங்காய்க் களத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருத்தர் என்னைத் தேடி வந்தார்.

"இனிஷியல மாத்திப்போட்டீங்க."

நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவர் எழுதியது அப்பா இனிஷியல். வாத்தியார் கொடுத்த பழைய பட்டியலைப் பார்த்து நான் 'சரிசெய்து' வீட்டுக்காரர் இனிஷியலாக மாற்றியிருக்கிறேன். பூளவாடி ரோட்டில் சுந்தராம்பாளைப் பற்றி அத்தனை பேசிய வாய் இது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, கறுப்பு மார்க்கரால் அந்த ஒற்றை எழுத்தைத் திருத்தினேன். அவர் பக்கத்தில் நின்று திருத்தி முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

உடுக்கைக்குக் கொடுத்தது நாற்பத்தைந்து நிமிஷம், போனது ஒன்றரை மணி நேரம். யாரும் மணி பார்க்கவில்லை, நான் பார்த்தேன். பெருஞ்சலங்கை நள்ளிரவுக்கு மேல். அந்தப் பத்தொன்பது வயசுப் பையன் ஒரு தடவை மேளம் நின்ற பிறகு ஒரு மணி பாக்கி வைத்துவிட்டான். முன்வரிசைக் கிழவர்கள் இரண்டு பேர் சிரித்தே விட்டார்கள். அடுத்த சுற்றில் அவன் வெறிபிடித்த மாதிரி ஆடினான். வீடியோவில் அந்த இரண்டு சுற்றையும் சேர்த்தே வைப்பதாக அம்மிணி சொல்கிறாள்.

கமிட்டித் தலைவர் விடிகாலையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிளெக்ஸைப் பார்த்தபடியே சொன்னார்: "அடுத்த வருசம் நோட்டீசுலயே போட்டரலாங். ஆனா கும்மிக்கு அறுபத்து நாலு பேரு வேண்டாங்க, எடம் பத்தாது."

நாலு நாள் கழித்து, ஞாயிறு: சிங்காநல்லூர்

ஒரு பின்குறிப்பு எழுதியே ஆகவேண்டும்.

பல்லடத்திலிருந்து ஒருத்தர் எங்கள் ஸ்டூடியோவுக்குப் போன் செய்தார். பிளெக்ஸின் அடியில் பொடி எழுத்தில் இருந்த எங்கள் நம்பரை யாரோ படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவருக்குப் பஞ்சுவேஸ்ட் யாவாரம். "ஏனுங்க, மூணு நாளா போன் மேல போனு. சலங்கை ஆட்டத்துக்கு வருவீங்களாங்கறாங்க. எனக்கு முட்டி வலிங்க, எங்கீங்க ஆடறது?"

நோட்டை எடுத்தேன். ஆட்டு யாவாரி சொன்ன நம்பரில் கடைசிக்கு முந்தின எண் ஏழு. நான் எழுதியிருப்பது ஒன்று மாதிரி இருக்கிறது. பிரஸ்ஸில் அதை ஒன்று என்றே வாசித்திருக்கிறேன். அவர் பெரிசாகப் போடச் சொன்ன நம்பரைப் பெரிசாகத் தப்பாகப் போட்டிருக்கிறேன்.

"மன்னிச்சுக்குங்க அண்ணா. கூப்புட்டவங்ககிட்ட என்னங் சொன்னீங்க?"

"மொதல்ல ராங் நம்பர்னு சொல்லிப் பார்த்தனுங்க. ஆரும் நம்பறதில்ல, வெலைய ஏத்தறதுக்குச் சொல்றதா நெனச்சுட்டாங்க. ஒரு ஊர்க்காரரு நெம்ப மல்லுக்கட்டுனாரு. சரின்னு, இருபத்தஞ்சாயிரம் ஆகும், பாதி அட்வான்ஸ், சித்திர பத்தாந்தேதி வர்றோம்னு சொல்லிப்போட்டேன். சரின்னுட்டாங்க. இப்ப ஆராச்சும் போயி ஆடோணுமில்ல?"

உடனே தாராபுரத்துக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, புது பிளெக்ஸ் எங்கள் செலவில் இன்றைக்கே அடித்துத் தருகிறேன் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஆடுகள் மட்டும் கத்தின.

"எவ்வளவு சொன்னாருங்கறீங்க?"

"இருபத்தஞ்சு."

"அந்த நம்பரே இருக்கட்டும் விடுங்."